பத்து மணிக்குப் பறவை காத்திருக்காது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் அறிவியல் கழகத்தோடு கொடிமலைக்குப் போனேன். அறிவிப்புத் தாளில் ‘மழைக்காட்டுப் பறவை நோக்குப் பயணம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். காலை 8 மணிக்குப் பள்ளி வாசலில் கூடினோம். பெயர் கூப்பிட்டு, ரொட்டியும் தண்ணீர்ப் போத்தலும் கொடுத்து, பதாகையைப் பிடித்துக்கொண்டு படமும் எடுத்து முடித்துப் பேருந்து கிளம்பியபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. ஆயர் ஈத்தாமில் உள்ள கீழ் நிலையத்தில் நீண்ட வரிசை. உச்சியை அடைந்தபோது மணி பத்தரை. நாற்பது மாணவர்கள், நான்கு ஆசிரியர்கள், ஓர் ஒலிபெருக்கி.

படிவம் இரண்டில் படிக்கும் ஒரு மாணவி குறிப்பேட்டில் 1 முதல் 30 வரை எண் போட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே பறவையின் பெயர் எழுத இடம் விட்டுக் கொண்டுவந்திருந்தாள். மதியம் திரும்பும்போது அதில் ஒரே ஒரு வரிதான் நிரம்பியிருந்தது: காகம். “பறவைக்கெல்லாம் இன்னிக்கு லீவா சார்?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பயணத்தைத் திட்டமிட்டவர்களுள் நானும் ஒருவன்.

அன்று மலையில் பறவைகள் இல்லாமல் இல்லை. நாங்கள்தான் அவற்றின் நேரத்துக்குப் போகவில்லை. அவை பொறுத்துக்கொள்ளும் எண்ணிக்கையிலும் போகவில்லை. நம் பள்ளிகள் பறவை நோக்குப் பயணத்தைப் பேருந்தை வைத்துத் திட்டமிடுகின்றன. பேருந்தில் 40 இருக்கை, எனவே 40 பேர். ஓட்டுநர் 8 மணிக்குத்தான் வருவார், எனவே 8 மணி. இந்த முறையை அடியோடு மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. எட்டு மாணவர்கள், ஒரு நல்ல வழிகாட்டி, இரண்டரை மணி நேரம், ஒரு கிலோமீட்டர் பாதை. இவ்வளவு போதும். இதைவிடப் பெரிதாகச் செய்தால் அது சுற்றுலாவாகிவிடும். சுற்றுலா கெட்டதன்று, ஆனால் அதற்குப் பறவை நோக்கு என்று பெயர் வைக்க வேண்டியதில்லை.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். பறவை நோக்குபவர்கள் ஏன் விடியற்காலையையே பிடித்துக்கொள்கிறார்கள்? ஒரு தேன்சிட்டின் எடை சில கிராம்தான். அவ்வளவு சிறிய உடம்பில் சேமித்துவைக்கும் சக்தி மிகக் குறைவு. இரவு முழுவதும் பட்டினி கிடந்து உடல் சூட்டைக் காப்பாற்றிய பறவை, வெளிச்சம் வந்தவுடன் இரை தேடியே ஆக வேண்டும். காற்றும் அப்போது அசையாமல் இருக்கும். குரல் தெளிவாகத் தொலைவு போகும். அதனால்தான் பறவைகள் எல்லைக்கு உரிமை கொண்டாடுவதும் இணையைக் கூப்பிடுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில். வெயில் ஏறினால் வயிறு நிறைந்த பறவை நிழலுக்குள் போய் அமர்ந்துவிடும். காடு முழுக்கச் சிள்வண்டின் இரைச்சல் மட்டுமே மிஞ்சும்.

இதில் பினாங்குப் பிள்ளைகளுக்கு ஒரு சலுகை இருக்கிறது. நம் கடிகாரம் கிழக்குத் தீர்க்கரேகை 120 பாகைக்கு உரிய நேரத்தைக் காட்டுகிறது. நாம் இருப்பதோ ஏறக்குறைய 100.3 பாகையில். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். வித்தியாசம் 19.7 பாகை, நான்கால் பெருக்கினால் கிட்டத்தட்ட 79 நிமிடம். அதாவது, நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி இருபது நிமிடம் முந்தி ஓடுகிறது. பினாங்கில் உச்சிவெயில் 12 மணிக்கு வருவதில்லை, 1.20 வாக்கில்தான் வருகிறது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை 1982 ஜனவரி 1 முதல் அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். அதன் விளைவைத்தான் இன்றும் அனுபவிக்கிறோம். ஆண்டு முழுவதும் இங்கே சூரிய உதயம் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.35-க்கும் இடையில்தான். கோத்தா கினபாலுவில் உள்ள மாணவன் அதே கடிகாரத்தில் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்தாக வேண்டும்.

ஆகவே தமிழ்நாட்டிலோ ஆப்பிரிக்காவிலோ எழுதிய கையேட்டில் ‘காலை 6 மணிக்குக் காட்டில் இருங்கள்’ என்று படித்தால், அதை நம் ஊருக்கு 7.15 என்று மாற்றிக்கொள்ளலாம். கொடிமலையின் முதல் இரயில் காலை 6.30-க்கே புறப்படும். (பராமரிப்பு நாள்களில் மாறும், முந்திய நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.) பழைய இரயிலில் நடுவில் வண்டி மாறி மேலேற அரை மணி ஆகும். 2011-இல் வந்த புதிய இரயில் சில நிமிடங்களில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. முதல் குரல் கேட்கும்போதே நீங்கள் மேலே நிற்கலாம். பள்ளி நாளில் இதே நேரத்துக்குத்தானே எழுகிறீர்கள்! எனவே ‘அவ்வளவு காலையில் பிள்ளைகள் எப்படி வருவார்கள்?’ என்ற கேள்வியை நான் ஏற்பதில்லை.

அடுத்தது இடம். மழைக்காடு என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது பேராக் மாநிலத்தின் பெலும்–தெமெங்கோர். நியாயம்தான். மலேசியாவில் உள்ள 10 வகை இருவாய்ச்சிகளும், மலாய் மொழியில் எங்காங் என்கிறோமே அவை அத்தனையும், அந்தக் காட்டில் இருக்கின்றன. அங்கு வாழும் ஓராங் அஸ்லி மக்கள் இருவாய்ச்சிகளைக் கணக்கெடுக்கும் பணியில் மலேசிய இயற்கைக் கழகத்தோடு சேர்ந்து உழைத்திருக்கிறார்கள். ஒருநாள் நீங்கள் அங்கே போகத்தான் வேண்டும். ஆனால் முதல் பயணத்துக்கு வேண்டாம். பேருந்து, படகு, நுழைவு அனுமதி, தங்குமிடம் என்று இரண்டு நாளில் பாதி பயணத்திலேயே கரைந்துவிடும். பணம் அதிகம் செலவாவதால் ‘எப்படியாவது இருவாய்ச்சியைக் காட்டிவிட வேண்டும்’ என்ற பதற்றமும் கூடவே வரும். அந்தப் பதற்றத்தில் சுற்றிலும் இருக்கும் மற்ற பறவைகள் யார் கண்ணிலும் படாது.

கொடிமலை நம் வீட்டு வாசலில் இருக்கிறது. உச்சி ஏறக்குறைய 833 மீட்டர். கீழே ஜார்ஜ்டவுனைவிட ஐந்து பாகையாவது குளிர்ச்சி. 2017 அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் இங்கே கூடி, மண்ணிலிருந்து மர உச்சிவரை உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள். 2021-இல் யுனெஸ்கோ கொடிமலையையும் அதைச் சுற்றியுள்ள காடு, கடற்பகுதிகளையும் சேர்த்து 12,481 ஹெக்டரை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலேசியாவில் இது மூன்றாவது. நம்மில் பலர் அங்கே போவது ஐஸ் கச்சாங் சாப்பிடவும், முருகன் கோவிலில் கும்பிடவும், நகரத்தை மேலிருந்து படம் எடுக்கவும்தான். அதையெல்லாம் செய்யுங்கள். கோவிலுக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை காடு நிற்கிறது என்பதையும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.

கொடிமலையை நான் பரிந்துரைக்க இன்னொரு காரணம் அதன் சரிவு. மழைக்காட்டுப் பறவைகளில் பல தரையிலிருந்து 30, 40 மீட்டர் உயரத்தில், மரங்களின் தலைப்பகுதியில் வாழ்கின்றன. சமதரைக் காட்டில் நின்று அண்ணாந்து பார்த்தால் வெளிச்சத்துக்கு எதிரே ஒரு கறுப்பு வயிறு தெரியும். பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும். இதற்காகவே ஆப்பிரிக்காவில், கானா நாட்டின் காக்கும் தேசியப் பூங்காவில், 1995-இல் ஒரு தொங்குபாலம் கட்டினார்கள். பெரிய மரங்களுக்கு இடையே கயிறும் பலகையும் கொண்டு ஏழு பாலங்கள், மொத்த நீளம் சுமார் 350 மீட்டர். பறவை நோக்குபவர்கள் விடிந்ததும் வழிகாட்டியோடு அதில் ஏறி, ஒரு மேடையிலேயே நெடுநேரம் நின்றுவிடுகிறார்கள். பழம் தின்னும் பறவைகள் அவர்கள் கண் மட்டத்தில் வந்து அமர்கின்றன.

நம் மலையிலும் கட்டணம் கட்டிப் போகும் மரமுடி நடைபாலம் உண்டு. ஆனால் அது இல்லாமலும் சமாளிக்கலாம். மேல் நிலையத்திலிருந்து மேற்கே போகும் தார்ச்சாலையில் ஒரு வளைவில் நின்று பள்ளத்தாக்குப் பக்கம் பாருங்கள். கீழ்ச்சரிவில் வேரூன்றிய மரத்தின் தலை உங்கள் மார்பளவில் இருக்கும். கானாவில் கயிறு கட்டிச் செய்ததை இங்கே சரிவே செய்து கொடுத்திருக்கிறது. தாவரவியல் பூங்காவிலிருந்து மலையேறும் ஐந்து கிலோமீட்டர் ஜீப் பாதையிலும் இப்படிப்பட்ட வளைவுகள் நிறைய உண்டு. ஏறி இளைக்காமல், இரயிலில் மேலே போய்க் கொஞ்ச தூரம் இறங்கித் திரும்பினால் போதும்.

இனி வழிகாட்டி. ‘கைத்தொலைபேசியில் பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி இருக்கும்போது வழிகாட்டி எதற்கு?’ என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. அந்தச் செயலிகள் உண்மையிலேயே வியக்கத்தக்கவை; நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் துடுப்புவால் கரிச்சானைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

கொடிமலையிலும் தாவரவியல் பூங்காவிலும் எளிதாகக் காணக்கூடிய பறவை அது. பளபளக்கும் கறுப்பு உடல். வாலின் இரு ஓரத்து இறகுகளும் கம்பிபோல் நீண்டு, நுனியில் மட்டும் துடுப்பாக விரிந்திருக்கும். பறக்கும்போது இரண்டு வண்டுகள் அதைத் துரத்திக்கொண்டு வருவதுபோல் தோன்றும். இது மற்றப் பறவைகளின் குரலை அப்படியே திருப்பிச் சொல்வதில் கெட்டிக்காரப் பறவை. இதன் நெருங்கிய உறவான இலங்கைக் கரிச்சானைச் சிங்கராஜ மழைக்காட்டில் சரத் கொடகமவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் ஆண்டுக்கணக்கில் கவனித்திருக்கிறார்கள். அங்கே பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே கூட்டமாக இரை தேடிப் போகும். கரிச்சானும் அந்தக் கூட்டத்தில் இருக்கும். பகை தென்பட்டால் தன் குரலில் மட்டுமல்லாமல், பிற பறவைகளின் எச்சரிக்கைக் குரலிலும் கூவும். ஆப்பிரிக்காவின் கலஹாரியில் உள்ள இன்னொரு கரிச்சான் இனம் ஒருபடி மேலே போய், பகையே இல்லாதபோது பொய்யாக எச்சரித்து, பயந்தோடும் விலங்கு போட்டுவிட்டுப் போன இரையைத் திருடித் தின்கிறது.

ஆகவே ஒரு குரலைக் கேட்டுச் செயலி ஒரு பெயரைச் சொன்னால், அங்கே அந்தப் பறவைதான் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வழிகாட்டி அப்படி ஏமாறமாட்டார் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அவர் சந்தேகப்படுவார். ‘குரல் சரிதான், ஆனால் இந்தப் பறவை இந்த உயரத்தில் இருந்து கூப்பிடாதே’ என்று நின்று பார்ப்பார். எந்த அத்திமரம் இந்த வாரம் பழுத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பத்து நிமிடம் ஒன்றுமே இல்லாத காட்டில், திடீரென்று எல்லா இலையும் அசைவதுபோல் ஒரு கலவைக் கூட்டம் வந்தால், முதலில் எங்கே பார்ப்பது என்று அவர் சொல்வார். இரண்டு மூன்று நிமிடத்தில் அந்தக் கூட்டம் கடந்து போய்விடும். ஆளுக்கொரு பக்கம் விரல் நீட்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. நடப்பதைக் குறைத்து நிற்பதை அதிகமாக்க வேண்டும் என்று நான் சொல்வதும் இதனால்தான். கூட்டத்தைத் துரத்திப் பிடிக்க முடியாது. வரும் வழியில் நின்றுதான் பார்க்க முடியும்.

நிற்பதற்கு நான் கேள்விப்பட்டதில் சிறந்த எடுத்துக்காட்டு கானாவிலேயே இருக்கிறது. பிக்காதார்ட்டெஸ் என்றொரு விசித்திரப் பறவை. தலையில் இறகே இல்லாமல் மஞ்சள் தோல். பாறைக் குடைவின் கூரையில் மண்ணால் கூடு கட்டும். கானாவில் அழிந்துவிட்டது என்று எண்ணியிருந்த அது, 2003-இல் மீண்டும் கண்டறியப்பட்டது. இப்போது போன்க்ரோ என்ற சிற்றூரின் மக்களே பயணிகளை அழைத்துச் செல்கிறார்கள். பறவை மாலையில்தான் கூட்டுக்குத் திரும்பும். எனவே பயணிகள் பிற்பகலிலேயே போய்ப் பாறைக்கு எதிரே உட்கார்ந்து வாய்திறக்காமல் காத்திருப்பார்கள். அந்த முழுப் பயணமும் ஒரு பறவையின் கடிகாரத்துக்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது. ஒலிபெருக்கியோடு 40 பேர் போயிருந்தால் அந்தப் பாறை என்றைக்கோ காலியாகியிருக்கும்.

வழிகாட்டியைத் தேடும்போது சுற்றுலா அமைச்சின் உரிமம் உண்டா என்று கேளுங்கள். மலேசிய இயற்கைக் கழகத்தின் பினாங்குக் கிளையில் விசாரிக்கலாம். 1940-இல் தொடங்கிய அந்தக் கழகம் பள்ளிகளிலும் ‘கெலாப் பென்சிந்தா ஆலாம்’ என்ற இயற்கை அன்பர் மன்றங்களை நடத்துகிறது. உங்கள் பள்ளியிலேயே ஒன்று இருக்கலாம். இரண்டு கேள்விகள் கேட்டால் ஆளை அறிந்துகொள்ளலாம். ‘எத்தனை பேரை அழைத்துப் போவீர்கள்?’ ‘பறவையை வரவழைக்கப் பதிவு செய்த குரலை ஒலிபரப்புவீர்களா?’ முதல் கேள்விக்கு ‘எத்தனை பேர் வேண்டுமானாலும்’ என்று பதில் வந்தால் வேறொருவரைப் பாருங்கள். இரண்டாவதற்கு நான் எதிர்பார்க்கும் பதில் ‘மாட்டேன்’ என்பதுதான். தன் எல்லைக்குள் அந்நியன் புகுந்துவிட்டதாக எண்ணி, இரை தேடுவதையோ குஞ்சைக் காப்பதையோ விட்டுவிட்டுப் பறவை சண்டைக்கு ஓடிவரும். ஆளில்லாக் காட்டில் ஆய்வாளர் ஒருமுறை செய்வது வேறு. வாரந்தோறும் மக்கள் நடக்கும் மலையில் அதே பறவையை அதே வளைவில் திரும்பத் திரும்ப ஏமாற்றுவது வேறு.

வழிகாட்டிக்குக் கட்டணம் கொடுங்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘இயற்கை ஆர்வலர்தானே, பிள்ளைகளுக்காக இலவசமாக வரமாட்டாரா?’ என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பேருந்துக்காரரிடம் அப்படிக் கேட்பதில்லை, சாப்பாட்டுக்காரரிடமும் கேட்பதில்லை. பறவையைப் பற்றி இருபது ஆண்டு கற்றவரிடம் மட்டும் கேட்கிறோம். எட்டுப் பேர் போனால் பேருந்தே வேண்டாம். பெற்றோரின் இரண்டு மூன்று கார்கள் கீழ் நிலையத்துக்குக் கொண்டுவந்து விடும். மைகார்டு வைத்திருக்கும் மாணவருக்கு இரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. பேருந்து வாடகையில் மிச்சமாகும் பணம் வழிகாட்டிக்குப் போகட்டும்.

இங்கே ஆசிரியர்கள் ஓர் எதிர்ப்பைச் சொல்வார்கள், அது நியாயமான எதிர்ப்பு: ‘எட்டுப் பேரை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் மற்ற 32 பேர்?’ நல்ல மதிப்பெண் வாங்கும் எட்டுப் பேர்தான் போவார்கள் என்ற பயமும் அதற்குள் இருக்கிறது. என் பதில்: ஐந்து சனிக்கிழமைகள். ஐந்தெட்டு நாற்பது. குலுக்கல் முறையில் குழுவைப் பிரியுங்கள். ஒரே ஆசிரியர் ஐந்து சனிக்கிழமையையும் இழக்க வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து முறைவைத்து இருவர் வரலாம். அலைச்சல் கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நாற்பது பேரை ஒரே நாளில் கொண்டுபோய் எல்லாருக்கும் சமமாகக் காகத்தைக் காட்டுவதைச் சமத்துவம் என்று என்னால் ஏற்க முடியாது. ஐந்து வாரமும் ஒரே பாதையில் போவதால் இன்னொரு பயனும் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. எட்டுப் பேருக்கு நான்கு பைனாகுலர் போதும். வாங்கும்போது அதன்மேல் 8×42 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் அதுதான். கடையில் ‘சின்னது, பத்து மடங்கு’ என்று விற்பார்களே, அந்த 10×25-இல் இது வெறும் 2.5 மில்லிமீட்டர். காட்டின் மங்கலான வெளிச்சத்தில் உங்கள் கண்பாவை 5 மில்லிமீட்டருக்கும் மேல் விரிந்து காத்திருக்கும். அந்தச் சின்னக் கருவியோ அதில் கால்பங்குப் பரப்பைத்தான் நிரப்பும். பறவை பெரிதாகத் தெரியும், ஆனால் இருட்டாகத் தெரியும். கடற்கரையில் கழுகு பார்க்க அது சரிப்படும், மழைக்காட்டுக்குச் சரிப்படாது. மற்றபடி மங்கிய நிறச் சட்டை, மழையங்கி, பென்சில். மழையில் பேனா மை கரையும். தின்பண்டத்தைப் பையைவிட்டு வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் கெரா குரங்கு வந்து உங்களுக்கு வேறொரு பாடம் நடத்தும்.

எந்த மாதம்? பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். வடக்கே குளிர் தொடங்கி அங்கிருந்து வரும் ஈப்பிடிப்பான் போன்ற வலசைப் பறவைகள் மார்ச் வரை இங்கே தங்கும். மழையும் குறைந்து விருந்தாளிகளும் இருக்கும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்கள் எனக்குப் பிடித்தவை. தேர்வு முடிந்தபின் போகலாம் என்று தள்ளிப்போட்டால் அந்தப் பருவம் போய்விடும்.

ஐந்து வாரம் ஒரே பாதையில் போவதன் பயனைச் சொல்கிறேன் என்றேன். பறவை நோக்கு இன்று உலகெங்கும் ஒரு கூட்டு ஆய்வாகிவிட்டது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடம் 2002-இல் தொடங்கிய இ-பேர்ட் தளத்தில், எந்த நாட்டு மாணவரும் தம் பட்டியலைப் பதியலாம். தேதி, தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எந்தப் பறவை, எத்தனை. இவ்வளவுதான் அது கேட்கும். ஒருநாள் போய் 60 வகை பார்த்தேன் என்று பெருமையடிக்கும் பட்டியலைவிட, ஒரே கிலோமீட்டரை ஒரே நேரத்தில் ஐந்து முறை நடந்து எழுதிய 15 வகைப் பட்டியலால் ஆய்வாளருக்குப் பயன் அதிகம். முதல் வாரம் கண்ட பறவை மூன்றாம் வாரம் இல்லையென்றால், இல்லை என்பதும் ஒரு செய்தி.

நம் மலைக்கு இந்தச் செய்தி இப்போது தேவை. தாவரவியல் பூங்காவிலிருந்து உச்சிக்குக் கம்பிவட ஊர்தி அமைக்கும் திட்டத்தைப் பற்றி ஆதரவாகவும் எதிராகவும் பேசுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதனால் பறவைகளுக்கு ஒன்றும் ஆகாது என்பார் ஒருவர். காடே போய்விடும் என்பார் மற்றொருவர். எந்த வளைவில் எந்தப் பறவை எத்தனை இருந்தது என்று முன்பே எழுதி வைத்தவர் இருந்தால்தான் இருவரில் யார் சொன்னது சரி என்று பின்னால் பார்க்க முடியும். அதை எழுத முனைவர் பட்டம் தேவையில்லை. படிவம் இரண்டில் படிக்கும் பிள்ளை போதும், சரியான நேரத்தில் அங்கே நின்றால்.

அந்த மாணவியின் குறிப்பேட்டுக்கு வருகிறேன். மறு ஆண்டு பிப்ரவரியில், ஒரு வழிகாட்டியோடு எட்டுப் பேரை அழைத்துக்கொண்டு முதல் இரயிலில் ஏறினோம். அவளும் வந்தாள். அதே குறிப்பேடு, காகத்தின் கீழே 2 முதல் 30 வரை இடம் அப்படியே காலியாக இருந்தது. இருட்டு முழுதாகப் போகவில்லை. யாரும் பேசக்கூடாது என்று வழிகாட்டி வாயில் விரல் வைத்துக் காட்டினார். முதலில் ஒரு குக்குறுவான், மரத்தை யாரோ ஒரே அளவாகத் தட்டுவதுபோல். காதில் கேட்டதை மட்டும் வைத்து எழுதலாமா என்று அவள் சைகையில் கேட்டாள். எழுதலாம், பக்கத்தில் ‘குரல்’ என்று குறிக்க வேண்டும் என்றார் அவர்.

இரண்டாவது வளைவில் நாற்பது நிமிடம் நின்றோம். பழுத்திருந்த அத்தியில் சின்னான்கள் வந்தன. பிறகு ஆங்கிலத்தில் ஃபேரி புளூபேர்ட் என்று சொல்லும் பறவை ஒரு சோடி. ஆண் பறவை இலை நிழலில் வெறும் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. வெயில் படும் கிளைக்குத் தாவியவுடன் அதன் முதுகு முழுக்க நீலமாக எரிந்தது. கண் இரத்தச் சிவப்பு. பைனாகுலரைப் பக்கத்திலிருந்த பையனிடம் கொடுக்க வேண்டிய முறை வந்தும் அவள் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை, வெறுங்கண்ணாலேயே வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது மணிக்கு நிலம் சூடேறிக் காற்று மேலெழத் தொடங்கியதும் ஒரு பாம்புக்கழுகு இறக்கையை அசைக்காமல் பள்ளத்தாக்கிலிருந்து வட்டமிட்டு ஏறியது. அதுதான் கடைசி. அவள் கணக்கில் 17 வகை; அதில் ஆறு ‘குரல்’.

நாங்கள் கீழே இறங்கியபோது மணி 9.40. மேலேறும் வரிசையில் வேறொரு பள்ளியின் பிள்ளைகள் ஒரே நிறச் சட்டையில் நின்றிருந்தார்கள், ஆளுக்கொரு குறிப்பேட்டோடு. அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “சார், அவங்ககிட்ட சொல்லலாமா?” என்றாள்.